எழுபத்தோராம் நிமிடத்துக் குறை

இருபத்திரண்டு ஆண்டுகளில் நாலாயிரத்து அறுநூறு திரைப்படங்களைத் தலைப்பு முதல் கடைசி எழுத்து வரை ஒன்றுவிடாமல் பார்த்த பெண்மணி ஒருவர் உண்டு. அவற்றில் ஒன்றின் கதையையாவது சொல்லுங்கள் என்றால் திருதிருவென்று விழிப்பார். கதாநாயகன் யாரைக் கட்டிக்கொண்டான், கொலையைச் செய்தது யார், தொலைந்த பிள்ளை கிடைத்ததா என்று ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை தொலைகிற காட்சியில், நாற்பத்து மூன்றாம் நிமிடம் பதினாறாம் வினாடியில், திரையின் இடது மூலையில் பச்சையாக ஒரு புள்ளி மின்னி மறைந்ததே, அதைக் கேளுங்கள். கிழமையோடு சொல்வார்.

அவருடைய வேலை அது. திரையரங்கில் ஓடி முடித்த படங்களும், ஓடாமலே முடிந்த படங்களும், டிஸ்க்காகி வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிரதி அவரிடம் வரும். அதை முழுக்கப் பார்த்துக் குறை எழுத வேண்டும். உலகத்தில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாமல் செய்கிற காரியத்தைச் சம்பளத்துக்குச் செய்தவர் என்பதால் அவருடைய வாழ்க்கை எழுதி வைக்கத் தகுந்தது.

அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. வீடுகளில் இருப்பது மாதிரி ஒரு சோபா, வீடுகளில் இருப்பது மாதிரி ஒரு டிவி, வீடுகளில் இருப்பது மாதிரியே பேட்டரி மூடி தொலைந்துபோய் ரப்பர் பேண்டு போட்ட ரிமோட். வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. ரப்பர் பேண்டு கொள்கையில் இல்லை. அது காலத்தால் தானாக வந்து சேர்ந்தது. எந்தப் பொத்தானை எந்தப் பக்கம் சாய்த்து அமுக்கினால் வேலை செய்யும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

குறை எழுத ஒரு படிவம் உண்டு. நிமிடம், வினாடி, படத்திலா, ஒலியிலா, எழுத்திலா, முதல் தரமா, இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா. மூன்றாம் தரம் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முதல் தரம் என்றால் சரிசெய்யாமல் அச்சுக்குப் போகக் கூடாது. படம் உறைந்து நிற்பது முதல் தரம். அதைவிடப் பெரிய குறை அந்தப் படிவத்துக்குத் தெரியாது.

அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே பூதக்கண்ணாடி அக்கா, அவசரத்துக்கு அக்கா, அவர் அந்தப் பக்கம் போன பிறகு வெறும் பூதம். நாம் முகத்துக்கு நேரே பேசுவதால் அக்கா என்றே சொல்வோம்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது துணி வழியாக. இளம் வயதில் ஒரு ஆலையில் நெய்த துணி பார்க்கிற மேசையில் நின்றார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். ஆலை மூடியதும், ஓடுகிற துணிக்குப் பதிலாக ஓடுகிற படத்துக்கு மாறினார். இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் கருத்து. படத்தில் நடுநடுவே ஆட்கள் வந்து அழுவார்கள், அவ்வளவு வித்தியாசம்.

இந்தக் கண்ணை வீட்டுக்குப் போனதும் கழற்றி ஆணியில் மாட்ட முடியாது அல்லவா? அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எந்த நிமிடமும் எவனாவது தன்னைக் கொன்றுவிடக்கூடும் என்ற நிலையிலேயே நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உத்தமர். முதன்முதலாக அக்காவைப் பார்த்த அன்று அவர் தன் குடும்பம், வருமானம், எதிர்காலம் எல்லாவற்றையும் பற்றி அரைமணி நேரம் பேசினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க சட்டையில மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருக்கு" என்றார். இவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று அன்றே புரிந்துகொண்டவர், புரிந்தும் கட்டிக்கொண்டார். அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் மடித்த போர்வையில் ஒரு மூலை நீண்டிருந்தது. அவர் மாட்டிய காலண்டர் சாய்ந்திருந்தது. அவர் போட்ட தேநீரில் ஏதோ ஒன்று தூக்கலாக இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருக்கு" என்று அவர் அடிக்கடி சொல்வார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'ஏங்க, தப்பு எம்மேலதான்'னு நீ சொல்லி என் காதால கேக்கணும். அப்புறம் எவன் பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சாலும் கவலை இல்ல."

"சொல்லலாம்" என்பார் அக்கா. "தப்பு இருந்தா சொல்லலாம். நீங்க இடது கால்ல வலது செருப்பைப் போட்டிருக்கீங்க."

அக்காவின் தொழிலில் குறையைத் தவறவிடுவது பாவமில்லை, மனிதக் கண்தானே. ஆனால் இல்லாத குறையை இருக்கிறது என்று எழுதிவிட்டால் அதற்குப் பெயர் பொய்க்குறி. சரியான துணியில் சாக்பீஸ் கோடு. அது மானக்கேடு. அலுவலக வாசலில் மேலாளர் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். தொழிற்சாலைகளில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி வைத்திருப்பார்களே, அது போல, 'பொய்க்குறி இல்லாத நாட்கள்'. தினமும் காலையில் தன் கையாலேயே பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவார். எண்ணாயிரத்தைத் தாண்டிவிட்டது. வருகிற படக்காரர்களை முதலில் அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்திக் கும்பிட வைக்காத குறைதான். அந்த எண் நிறுவனத்துடையது என்று அவர் நினைத்தார். அது தன்னுடையது என்று அக்காவுக்குத் தெரியும். காலையில் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறியதும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

இப்படி இருக்கையில் பெரியவரின் படம் வந்தது.

பெரியவர் என்றால் இயக்குநர். ஐம்பது ஆண்டுகளில் முப்பத்தொரு படம் எடுத்தவர். முப்பதும் குடும்பப் படம். அவர் படத்துக்குப் போகிற பெண்கள் இரண்டு கைக்குட்டை கொண்டு போவார்கள். கூடவே போகிற ஆண்கள், தூசி விழுந்துவிட்டது என்று சொல்ல ஒரு கண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் எழுபத்தேழாம் வயதில் திடீரென்று வெறுங்கைச் சண்டைப் படம் ஒன்று எடுத்தார். ஒரு தானியக் கிடங்கு. அதற்கு அறுபது வயதில் ஒரு காவல்காரி. கிடங்கைக் கொள்ளையடிக்க வருகிற கும்பலை ஒவ்வொருவராகக் கையாலேயே மடக்குகிறாள். கடைசியில் கும்பலின் தலைவனும் அவளும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

அழ வந்தவர்கள் உதை விழுவதைப் பார்த்து மிரண்டார்கள். உதை பார்க்க வந்தவர்கள், ஆட்கள் நெடுநேரம் சும்மா நிற்பதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். கிழவனுக்கு வேண்டாத வேலை என்று பத்திரிகைகள் மரியாதையான சொற்களில் எழுதின. படம் ஐந்து நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அரங்கில் இரண்டு பேர் இருந்ததாகவும், ஒருவர் தூங்கியவர், மற்றவர் அவரை எழுப்ப வந்தவர் என்றும் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, பேச்சு படத்தைவிட நன்றாக ஓடியது.

ஆனாலும் முப்பது கைக்குட்டைப் படங்களுக்குக் கொடுக்கிற மரியாதையாக முப்பத்தொன்றாவதையும் டிஸ்க்கில் போட நிறுவனம் முன்வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா சோபாவில் சாய்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்தை ஓட்டினார்.

எழுபது நிமிடம் ஒரு வம்பும் இல்லை. எழுபத்தோராம் நிமிடம் நாலாம் வினாடியில் காவல்காரியின் கைவிளிம்பு தலைவனின் தொண்டைக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. படமும் நின்றது. ஒலியும் நின்றது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். உறைவைச் சோதிக்க ஒரு முறை உண்டு: காட்சியில் தானாக அசையக்கூடியது எதையாவது தேட வேண்டும். இலை, புகை, விளக்குச் சுடர், தலைமுடி, வானத்தில் ஒரு காக்கை. எல்லாரும் நின்றாலும் காக்கை நிற்காது. இங்கே காக்கை இல்லை, இலை இல்லை, சுடர் இல்லை. மூட்டைகள், இரண்டு பேர், ஒரு கை. ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. சரியாக முப்பத்தெட்டு வினாடி கழித்து, படம் மறுபடி ஓடி, தலைவன் தலைகுனிந்து திரும்பி நடந்தான். மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் அதே முப்பத்தெட்டு வினாடி. எழுதினார்: 'நி. 71, வி. 04 முதல் 42 வரை. படம் உறைவு. ஒலியும் இல்லை. முதல் தரம்.' கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. 'வேண்டுமென்றே' என்று ஒரு கட்டம் மட்டும் கிடையாது.

படிவம் பக்கத்து அறைக்குப் போனது. அங்கே இருந்தவர் பிரதியைச் சரிசெய்கிறவர், பெயர் கத்திரி. கத்திரி வெட்டச் சொன்னால் வெட்டுவார், ஒட்டச் சொன்னால் ஒட்டுவார், ஏன் என்று கேட்டால் பசிக்கிறது என்பார். முப்பத்தெட்டு வினாடியில் முப்பத்தேழை வெட்டி எறிந்து, தையல் தெரியாமல் ஒட்டினார். மேலாளர் படிக்காமல் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை அச்சு என்று முடிவானது.

வியாழக்கிழமை காலையில் பெரியவரே வந்தார். டிஸ்க்கில் படத்தோடு கூடவே இயக்குநர் பேச்சு என்று ஒன்று வைப்பார்கள். படம் ஓட ஓட, எடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை அடிப்பது மாதிரி. அதைப் பதிவு செய்ய, வெளிச்சத்தம் நுழையாத அறை அக்காவுடையது ஒன்றுதான். ரிமோட்டை ஓட்ட ஆளும் அவர் ஒருவர்தான். எனவே சோபாவில் பெரியவர், பக்கத்தில் நாற்காலியில் அவர் மகள், பின்னால் முக்காலியில் அக்கா, மைக்குக்குப் பொறுப்பாகக் கத்திரி என்று உட்கார்ந்தார்கள்.

மகள் பல காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, அப்பாவைத் தனியே விட முடியாது என்று போன மாதம்தான் வந்திருந்தார். கையில் கிழமை எழுதிய மாத்திரை டப்பா. படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஐந்து நாளைக்குள் விமானம் பிடிக்க முடியவில்லை.

"சிவப்பு லைட்டு எரியுதே, அது என்னைப் பாக்குதா, நான் அதைப் பாக்கணுமா?" என்றார் பெரியவர்.

"நீங்க படத்தைப் பாருங்கப்பா" என்றார் மகள்.

"அதைத்தான் யாரும் பாக்கலையே. சரி, நானாவது பாக்கறேன்."

ஆரம்பித்தார். மனிதருக்கு வாய் ஊற்று மாதிரி. காவல்காரியாக நடித்தவர் தினமும் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பழகினார் என்றார். தலைவனாக நடித்த இளைஞனுக்கு நிற்கத் தெரியாது, நடிகன் அல்லவா, காலில் எறும்பு கடித்த மாதிரியே இருப்பான், அவனை நிற்க வைக்கவே இரண்டு மாதம் ஆனது என்றார். மூட்டைகளைக் காட்டி, "உள்ளே எல்லாம் மரத்தூள். நிஜத் தானியம் வெச்சா எலி வரும். எலி வந்தா அசையும். எனக்கு இந்தக் கிடங்குல ஒண்ணும் அசையக் கூடாது" என்றார்.

அக்கா முக்காலியில் இப்படியும் அப்படியும் நகர்ந்து உட்கார்ந்தார். காலையில் குடித்த தேநீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். கணவர் போட்டது, சாத்தியம்தான்.

அறுபத்தொன்பதாம் நிமிடத்தில் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப வரும் பாருங்க. இதுக்காகத்தான் இந்தப் படமே. மத்த முப்பது படத்துல எல்லாரையும் பேச விட்டேன், அழ விட்டேன். இதுல ஒரு இடத்துல சும்மா நிக்க விட்டிருக்கேன். அடிக்கலாம், ஆனா அடிக்கலை. அவ அடிக்க மாட்டாள்னு அவனுக்குத் தெரியுது. தெரிஞ்சதும் தோத்துட்டான். அது வர்ற வரைக்கும் நான் பேசப் போறதில்ல. நீங்களே பாருங்க."

எழுபத்தோராம் நிமிடம் வந்தது. கை தொண்டைக்கு அருகே வந்தது. தலைவன் உடனே குனிந்து, மேசையடியில் விழுந்த பேனாவை எடுக்கிறவன் போல, திரும்பி நடந்தான்.

பெரியவர் வாய் திறக்கவில்லை. அடுத்த காட்சியும் வந்துவிட்டது.

"தாண்டிருச்சா?" என்றார். "கொஞ்சம் பின்னால போங்கம்மா."

அக்கா பொத்தானைச் சாய்த்து அமுக்கினார். கை வந்தது, குனிந்தான், நடந்தான்.

"இன்னும் ஒரு தடவை."

கை வந்தது, குனிந்தான், நடந்தான்.

"எடுத்தேனே" என்றார் பெரியவர். மைக்குக்கு இல்லை, தனக்கே சொன்னார். பிறகு திரையைப் பார்த்தபடியே, "எடுத்தேன்னுதான் நெனைக்கிறேன்."

மகள் மாத்திரை டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றினார். போன வாரம் இவர் அடுப்பை அணைக்காமல் வெளியே போனதும், அதற்கு முந்தின வாரம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டதும், டாக்டர் ஒரு தாளில் எதையோ எழுதி மடித்துக் கொடுத்ததும் அந்தக் கை மாற்றத்தில் தெரிந்தன. "எடுக்கணும்னு நெனச்சிருப்பீங்கப்பா" என்றார் மென்மையாக. "நெனச்சதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல... பரவாயில்லப்பா."

"அந்த எடிட்டர் பையன்கிட்ட கேக்கலாம்" என்று தொடங்கிய பெரியவர் உடனே கையை உதறினார். "வேணாம். கேட்டா, கிழவனுக்குப் புத்தி மங்கிப் போச்சுன்னு நாளைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நானே வெட்டியிருப்பேன். எனக்கே ஞாபகம் இல்ல. மிச்சத்தை மதியத்துக்கு மேல பேசலாமா? கொஞ்சம் களைப்பா இருக்கு."

ஊற்று அடைத்துவிட்டது. சோபாவிலிருந்து எழுந்தவர், உட்கார்ந்தபோது இருந்ததைவிடப் பத்து வயது மூத்திருந்தார். சிவப்பு விளக்கு மட்டும் தன் கடமையாக எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில் அக்கா டிபன் பெட்டியைத் திறக்கவில்லை. கத்திரியின் அறைக்குப் போய், "அவங்க கொடுத்தனுப்பின மூலப் பிரதி இருக்கா?" என்றார்.

"இருக்கு. எதுக்குக்கா?"

"போடு."

கத்திரி போட்டார். எழுபத்தோராம் நிமிடம் நாலாம் வினாடி. கை நின்றது. ஆனால் இங்கே படம் உயிரோடு இருந்தது. இருட்டில் மணல் மணலாக ஒரு நடுக்கம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். "இந்த மணல் நாம பாக்கற பிரதியில இல்லையே" என்றார் அக்கா.

"வழவழப்பு போட்டேன்ல" என்றார் கத்திரி பெருமையாக. "வீட்டுல பாக்கறவங்களுக்குப் படம் கண்ணாடி மாதிரி இருக்கணும்னு மேலாளர் சொன்னாரு. சின்னச் சின்ன அசைவெல்லாம் துடைச்சு விட்டுரும். நல்லா இருக்குல்ல?"

அக்கா திரையை ஒட்டிக் குனிந்தார். பதினெட்டாம் வினாடியில் தலைவனின் நெற்றியோரத்தில் ஒரு வியர்வைத் துளி தோன்றியிருந்தது. அது இறங்கியது. கடிகாரத்தில் மணி முள் இறங்குகிற வேகத்தில் இறங்கியது. முப்பத்தைந்தாம் வினாடியில் தாடைக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழாமல் நின்றது. காவல்காரியின் கை நின்றது. கிடங்கு நின்றது. தலைவன் குனிந்தபோதுதான் அக்கா, தான் இவ்வளவு நேரம் மூச்சு விடவில்லை என்பதைக் கண்டார். நாலாயிரத்து அறுநூறு படங்களை ஓட விட்டவர் முதன்முறையாக ஒரு படத்தைப் பார்த்திருந்தார். அதுவும் முப்பத்தெட்டே வினாடி.

"உறைவு இல்ல" என்றார். "நின்னுருக்காங்க. பொய்க்குறி."

கத்திரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. அஞ்சு நாள் ஓடின படம். யாரு வாங்கப் போறா, யாரு எண்ணிப் பாக்கப் போறா? அவரே மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. வாசல்ல எண்ணாயிரத்துச் சொச்சம்னு தொங்குது. நீங்களா போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

"அவரு மறக்கலையே."

"வயசானவரு. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு மறக்கத்தானே போறாரு?"

இதில் குறை கண்டுபிடிக்க அக்காவுக்கு ஒரு வினாடி பிடித்தது. சரியாகச் செய்தவர்மேல் தவறு என்று கோடு கிழித்தாயிற்று. அவர் அந்தக் கோட்டைப் பார்த்து, ஆமாம், என் மூளையில்தான் இழை விட்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டு கீழே மெத்தைக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆலையில் இப்படி நடந்தால் ஈரத்துணியால் சாக்பீஸைத் துடைக்க வேண்டும். துடைக்கிற கை வெள்ளையாகும், ஆகட்டும்.

"நாளைக்கு மறந்தா அது அவரோட குறை" என்றார். "இன்னைக்கு இது என்னோடது."

பெரியவர் திரும்பி வந்தபோது மேலாளரும் கூட வந்தார், புகைப்படம் எடுத்துக்கொள்ள. பலகைக்கு முன்னால் நிறுத்தலாமா, சோபாவில் உட்கார வைக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் அக்கா படிவத்தோடு எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க மறக்கலை. அந்த நிக்கற காட்சியை நீங்க எடுத்திருக்கீங்க. அது இருந்துச்சு. படம் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சு நான்தான் குறை எழுதினேன். அதனால வெட்டினாங்க. தப்பு எம்மேல."

மேலாளர் புகைப்படத்துக்காக வைத்திருந்த சிரிப்பை எடுக்க மறந்து நின்றார். மகள் அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் கையை நீட்டினார். அக்கா படிவத்தைக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்த ஒரு வரியை அவர் படித்த நேரம், ஒரு நாவலே படித்திருக்கலாம்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூணு தடவை, ஐயா. ஒவ்வொரு பிரேமா."

"ஒண்ணுமே அசையலையா?"

"காக்கா இருக்கான்னுகூடத் தேடினேன். ஒண்ணுமே அசையலை."

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? தொழிலே குறை பாக்கறதுதான். ஒவ்வொரு பிரேமா பாத்திருக்காங்க. ஒண்ணுமே அசையலையாம்." திரும்பவும் படிவத்தைப் பார்த்தார். "அஞ்சு நாள்ல வந்த விமர்சனம் எல்லாம் படிச்சேன்மா. ஒருத்தனும் இதை எழுதலை. நீங்க ஒருத்தர்தான் எழுதியிருக்கீங்க. அதுவும் முதல் தரம்னு."

"அது அப்படி இல்லைங்க ஐயா. முதல் தரம்னா ரொம்ப மோசம்னு—"

"எனக்கு இப்படி இருக்கட்டும்" என்று படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகளின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. ஆனால் அவரும் கணக்கில் நேர்மையானவர். "அப்போ போன வாரம் அடுப்பை அணைக்காம போனது?"

"அது மறதி" என்றார் பெரியவர் பெருந்தன்மையாக. "அடுப்பு வேற, சினிமா வேற. போட்டுக் குழப்பாதே."

மிச்சப் பேச்சை அன்று மாலையே முடித்தார்கள். கத்திரி முப்பத்தேழு வினாடியைத் திரும்ப ஒட்டி, அந்த நிமிடத்துக்கு மட்டும் வழவழப்பை எடுத்துவிட்டார். அச்சு திங்களுக்குத் தள்ளிப்போனது. எல்லாம் சுபம் என்று நாம் எழுந்து போகலாம். ஆனால் அக்காவின் தொழில்புத்தி எழுந்து போகவில்லை. லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்துப் படிக்கட்டின் முதல் திருப்பத்தில் பெரியவரை மறித்தார்.

"ஐயா, ஒரு விஷயம். நானே ஏமாந்தேன். வீட்டுல பாக்கறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? ரிமோட்டை அமுக்குவாங்க. அடுத்து பிளேயரைத் தட்டுவாங்க. அப்புறம் டிஸ்க் கெட்டதுன்னு திருப்பி அனுப்புவாங்க. பெட்டிக்குள்ள ஒரு சீட்டு வைக்கணும்."

"சீட்டா? முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் அந்த நிக்கறதுக்கு என்ன மதிப்பு? தட்டட்டும்."

"தட்டினா ஓட்டி விட்டுருவாங்க ஐயா. உங்க முப்பத்தெட்டு வினாடியை வீட்டுக்கு வீடு வெட்டுவாங்க. நானாவது ஒரு தடவைதான் வெட்டினேன்."

பெரியவர் இரண்டு படி யோசித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சரி. ஆனா நீங்கதான் எழுதணும். ஒரே வரி. எனக்கு வசனம் எழுதறவனுங்க எல்லாம் ஒரு வரின்னா ஒரு பக்கம் எழுதுவானுங்க" என்றார்.

அக்கா எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதி அச்சேறிய ஒரே இலக்கியம் அது. உள்ளங்கை அளவு மஞ்சள் தாள்: 'நிமிடம் 71, வினாடி 04 முதல் 42 வரை குறை எதுவும் இல்லை. தயவுசெய்து காத்திருக்கவும்.'

வெள்ளிக்கிழமை காலை மூன்று மாடி ஏறி வந்தபோது பலகையில் எண் அழிக்கப்பட்டிருந்தது. புதிய எண்ணை எழுத மேலாளருக்குக் கை வரவில்லை போலும். சாக்பீஸ் பலகையின் விளிம்பில் கிடந்தது. அக்கா அதை எடுத்துப் பெரிதாக ஒரு சுழியம் போட்டார். வலது பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அழித்துவிட்டு வட்டமாக இன்னொன்று போட்டார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

டிஸ்க் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதுவரை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. பொய்க்குறி எழுதிய படம் இது என்று மட்டும் கணவரிடம் சொல்லியிருந்தார். கணவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, இன்று எந்த மாணவனும் தன்னைக் கொல்ல மாட்டான் என்ற நிம்மதியோடு பார்த்தார். முதல் உதைக்கே அவருக்குப் படம் பிடித்துவிட்டது. மஞ்சள் சீட்டை அக்கா அவர் கையில் கொடுத்திருந்தார். அதை அவர் நாலாக மடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

கை தொண்டைக்கு வந்தது. நின்றது.

ஐந்து வினாடி பார்த்தார். ரிமோட்டை எடுத்து அமுக்கினார். நல்லவேளை, வீட்டு ரிமோட்டிலும் பேட்டரி தகராறு. எழுந்தார். "மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே போய், பிளேயரை ஒரு தட்டுத் தட்டக் கையை ஓங்கினார்.

அக்கா எப்போது எழுந்தார், எப்போது வந்தார் என்று அவருக்குத் தெரியாது. ஓங்கிய கைக்கும் பெட்டிக்கும் நடுவே, ஒரு விரல் தூரத்தில், அக்காவின் கை இருந்தது.

"அடிக்காதீங்க."

"நின்னு போச்சுல்ல?"

"நின்னு போகலை. அந்தப் பையனோட நெத்தியைப் பாருங்க."

அவர் பார்த்தார். கையை இறக்க மறந்து பார்த்தார். துளி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அறைக்குள் இருந்த நாலு பேரில், திரைக்குள் இரண்டும் திரைக்கு வெளியே இரண்டுமாக, ஒருவரும் அசையவில்லை.

தலைவன் குனிந்தான். கணவர் கையை இறக்கினார். மூச்சை விட்டார்.

"இதையா கெட்டுப் போச்சுன்னு நீ எழுதினே?"

"ஆமாங்க" என்றார் அக்கா. "தப்பு எம்மேலதான்."

அவர் திரும்பி மனைவியை வெகுநேரம் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டு ஆசை. பிறகு டிவியைக் காட்டி, மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் பின்னால போய், இன்னொரு தடவை சொல்லு."